எட்வின் ஜாக்சனின் பதினான்கு சட்டைகள்: கடிதம், பதில்

வணக்கம்.

எட்வின் ஜாக்சன் பற்றிய உங்கள் சிறு குறிப்பைப் படித்தேன். நீங்கள் மிகவும் மதிக்கும் அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்தெறிபவர்) அவர் என்று எழுதியிருந்தீர்கள். நான் சிகாகோவில் வசிக்கிறேன். 2013-ல் கப்ஸ் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் அவர் பந்தெறிந்த ஓர் ஆட்டத்தை நேரில் பார்த்தேன். சுற்றியிருந்தவர்களோடு சேர்ந்து நானும் அவரைப் பார்த்து ‘ஊ’வென்று கத்தினேன். நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர் பேசி கப்ஸ் அணிக்கு வந்தவர், அந்த ஒரே பருவத்தில் 18 ஆட்டங்களில் தோற்றார். மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. பதினான்கு அணிகளில் ஆடியும் எதிலும் நிலைக்கவில்லை. இப்படிப்பட்டவரை இங்கே ‘ஜர்னிமேன்’ என்கிறார்கள். தமிழில் நாடோடி என்று சொல்லலாம். இத்தனை பேர் வேண்டாமென்று அனுப்பிவைத்த ஒருவரிடம் மதிக்க என்ன இருக்கிறது? வாதத்துக்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ரா., சிகாகோ

அன்புள்ள ரா.,

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஜர்னிமேன் என்பதில் இருக்கும் ‘ஜர்னி’ பயணம் அல்ல. ‘ஒரு நாள் வேலை’ என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. குருவிடம் தொழில் பழகி முடித்து, ஆனால் சொந்தமாகப் பட்டறை வைக்காமல், நாள் கணக்கில் கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞனுக்குத்தான் அந்தப் பெயர். அதில் அலைச்சல் இல்லை. தொழில் தெரிந்தவன் என்பதுதான் முதல் பொருள். நாடோடி என்றால் அந்தத் தொழில் விடுபட்டுப்போகிறது.

ஜாக்சனின் வேலையும் ஏறக்குறைய நாள் வேலைதான். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை முறை வரும். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். முறை தவறாமல் எறிந்தால் 32, 33 ஆட்டங்கள் கிடைக்கும். 2007 முதல் 2013 வரை ஏழு பருவங்கள் ஜாக்சன் 30-க்குக் குறையாமல் ஆட்டங்களைத் தொடங்கினார். தோளும் முழங்கையும் கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போகும் பிட்சர்கள் நிறைந்த விளையாட்டில் இது சாதாரணமல்ல. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். தொடக்க பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே விழுந்தால் மீதி ஆறையும் மாற்று பிட்சர்கள் எறிந்தாக வேண்டும். மறுநாள் அவர்கள் கைகளில் வலு இருக்காது. ஒருவரின் மோசமான நாள் அணியின் மூன்று நாட்களைத் தின்றுவிடும். ஆறாவது இன்னிங்ஸ் வரை தாங்கி நிற்பவருக்கு அணிகள் பணம் கொடுப்பது இதனால்தான்.

நீங்கள் சொன்ன 18 தோல்விகளுக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் தோற்பது அணி. பேஸ்பாலில் ஒவ்வொரு தோல்வியையும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள், அவருடைய அணி ஒரு ரன்கூட எடுக்காத நாளிலும். ஒரே பருவத்தில் 18 முறை தோற்க வேண்டுமென்றால் 18 முறையும் யாரோ நம்பிக் கையில் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும். உண்மையிலேயே கையாலாகாதவர் பத்தாவது தோல்வியைப் பார்ப்பதற்குள் கீழ்நிலைப் போட்டியான சிறு லீகுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஆனாலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுத்த பருவமான 2014-ல் அவர் மோசமாகவே எறிந்தார். 6 வெற்றி, 15 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஆறு ரன்னுக்கு மேல் கொடுத்தார். அதை அணியின் மேலோ அதிர்ஷ்டத்தின் மேலோ போட முடியாது. ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு மேல் மிச்சமிருக்கும்போதே, 2015 ஜூலையில், கப்ஸ் அவரை விடுவித்தது. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர் கத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது 2010 ஜூன் 25 ஆட்டத்தால். அப்போது அரிசோனா அணியில் இருந்தார். எதிரணி, அவரே மூன்று பருவம் ஆடிவிட்டு வந்த தாம்பா பே. முதல் மூன்று இன்னிங்ஸில் ஏழு பேட்டர்களுக்கு ‘வாக்’ கொடுத்தார். அதாவது நான்கு பந்துகளைக் குறி தவறி எறிந்து, பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட் ஆகாமல் மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள். மூன்று பேரையும் அங்கே நிறுத்தியது அவர் கொடுத்த வாக்தான். ஒரு ரன்னும் விடாமல் அதிலிருந்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க இன்னும் ஒரே ஒரு வாக்தான் கொடுத்தார். 149 பந்துகள். வழக்கமாக 100-ஐத் தாண்டினாலே மேலாளர் எழுந்து வந்துவிடுவார். கடைசியில் அரிசோனா 1-0 என்று வென்றது. தாம்பா பே அணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்து பேஸை எட்டிய அடி ஒன்றுகூட, இல்லை. நோ-ஹிட்டர்!

பெரும்பாலான நோ-ஹிட்டர்களில் எல்லாம் கைகூடி வந்த ஒரு மேதையைப் பார்ப்போம். இதில் குறி தவறிக்கொண்டே இருக்கும் கையோடு, அன்றைய வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நிற்கும் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே ஆட்டத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆட்டம் முடிந்து 35-ஆம் நாள், ஜூலை 30 அன்று, அரிசோனா அவரைச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றிக்கொடுத்தது.

‘வேண்டாமென்று அனுப்பினார்கள்’ என்றீர்கள். அவருக்கு ஈடாக யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். 2008 டிசம்பரில் தாம்பா பே அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து மாட் ஜாய்ஸ் என்ற ஆட்டக்காரரை வாங்கியது. டெட்ராய்ட்டில் ஆடிய 2009-ல், சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டும் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார். அந்த ஆண்டின் முடிவில் மூன்று அணிகள் சேர்ந்து நடத்திய பெரிய பரிமாற்றத்தில் அவர் அரிசோனாவுக்குப் போக, மாக்ஸ் ஷெர்சர் டெட்ராய்ட்டுக்கு வந்தார். பின்னாளில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வென்ற அதே ஷெர்சர்தான். வேண்டாத சரக்கை வைத்து இப்படிப்பட்ட பேரம் பேச முடியாது. அவரிடம் எல்லோருக்கும் தேவையான ஒன்று இருந்தது, அதனால்தான் அவர் எளிதாகக் கைமாறினார். கொடுக்கல் வாங்கலில் பெறுமதி உள்ள பொருள்தான் ஊர் சுற்றும்.

கைமாறும் அந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். 2011 ஜூலை 27 அன்று வைட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. சில மணி நேரத்தில் டொராண்டோ அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டது. டொராண்டோ சட்டையை அவர் தொடக்கூட இல்லை. அந்த அக்டோபரில் செயின்ட் லூயிஸ், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. நான்காவது ஆட்டத்தைத் தொடங்கி ஏழு வாக் கொடுத்துத் தோற்றவர் இவர்தான், ஆனால் சாம்பியன் மோதிரம் அவர் கையிலும் இருக்கிறது.

டொராண்டோவிலிருந்து அதே பரிமாற்றத்தில் அவரோடு போன இன்னொருவர் ஆக்டேவியோ டோடெல். மறு ஆண்டு, 2012-ல், டோடெல் தன் 13-ஆவது அணிக்கு ஆடி, அதிக அணிகளுக்கு ஆடியவர் என்ற புதிய சாதனை படைத்தார். அதை முறியடித்தவர் ஜாக்சன், 2019 மே 15 அன்று. எந்த அணிக்கு ஆடி முறியடித்தார் தெரியுமா? டொராண்டோவுக்கு. எட்டு ஆண்டுகளுக்கு முன் சில மணி நேரம் மட்டும் தாளில் அவரை வைத்திருந்த அதே அணி. இந்த முறை அவருக்கு ஈடாக ஆட்டக்காரர் யாரும் இல்லை, ஓக்லாந்து வெறும் பணத்துக்குக் கொடுத்திருந்தது. 2025 ஜூலையில் ரிச் ஹில் தன் 45 வயதில் கான்சஸ் சிட்டிக்கு ஆடி அந்தப் பதினான்கைச் சமன் செய்தார்.

டொராண்டோவுக்கு ஆடியதற்கு முந்தைய ஆண்டு ஓக்லாந்தில் ஜாக்சன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூனில் சிறு லீக் ஒப்பந்தத்தில்தான் சேர்ந்தார். அப்போது வயது 34. காயங்களால் பிட்சர் வரிசை கலைந்துபோயிருந்த அந்த அணிக்கு 17 ஆட்டங்களைத் தொடங்கினார். 6 வெற்றி, 3 தோல்வி. ஓக்லாந்து 97 ஆட்டங்களில் வென்று பிளே-ஆஃபுக்குப் போனது.

2003 செப்டம்பர் 9 அன்று, தன் இருபதாவது பிறந்தநாளில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டத்தில் இறங்கி, புகழ்பெற்ற பிட்சர் ராண்டி ஜான்சனை வென்றவர் அவர். அன்று எல்லோரும் எதிர்பார்த்த நட்சத்திரமாக அவர் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் 2021-ல், 37 வயதில், அமெரிக்க அணியோடு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்.

நீங்கள் ரிக்லி ஃபீல்டில் பார்த்த ஆட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள். அன்று அவர் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார், அவருக்குப் பின் எத்தனை பேர் வந்தார்கள், கப்ஸ் எத்தனை ரன் எடுத்தது என்று சேர்ந்து பார்ப்போம். நீங்கள் கத்தியது சரியாகக்கூட இருக்கலாம்.

அன்புடன்.