மஞ்சளடிக்கும் முகங்களுக்கு என்ன வழி?

கேள்வி: அறைக்குள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் எல்லார் முகமும் மஞ்சளாக இருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில், நிறத்தைச் சரிசெய்யும் ஐ-டிராப்பர் கருவியால் வெள்ளைச் சட்டையைத் தொட்டால் ஒரு படம் சரியாகிறது, இன்னொன்று நீலமடிக்கிறது. மஞ்சளைக் குறைக்க, வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: குறைக்க வேண்டும். அந்த எண், படம் எடுத்தபோது என்ன வெளிச்சம் இருந்தது என்று மென்பொருளுக்கு நீங்கள் சொல்லும் தகவல். பகல் வெயில் சுமார் 5500, பழைய குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை. 2800 என்று வைத்தால் ‘ஓ, மஞ்சள் வெளிச்சமா’ என்று புரிந்துகொண்டு அது நீலத்தைச் சேர்த்து ஈடுகட்டும், அவ்வளவுதான்.

இப்போது சட்டை விஷயம். பளிச்சென்று வெளுத்துப்போன இடத்தைத் தொடாதீர்கள்; பல்பு வெளிச்சத்தில், படத்தில் சிவப்பின் அளவைப் பதியும் சிவப்பு சேனல்தான் முதலில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், அதனால் அங்கே கிடைக்கும் கணக்கே தப்பு. சட்டை மடிப்பில் லேசாக நிழல் விழுந்து சாம்பலாகத் தெரியும் இடம்தான் நல்லது. நீலமடிக்கும் படத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். முகத்தின் ஒரு கன்னத்தில் பல்பு, மறு கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் என்றால், பல்பு பக்கத்தைச் சரிசெய்த உடனே ஜன்னல் பக்கம் நீலமாகிவிடும், எந்த ஒரே எண்ணாலும் இரண்டையும் சமாளிக்க முடியாது. முகத்தின் பெரும்பகுதி எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதற்கு எண்ணை வைத்துவிட்டு, மற்ற பக்கத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) பிரஷ்ஷால் டெம்பரேச்சரை, அதாவது மஞ்சள்-நீல அளவை, கொஞ்சம் மாற்றுங்கள்.

மஞ்சள் போன பிறகும் முகம் நோயாளி மாதிரி பச்சையாகத் தெரிந்தால் அதைச் சரிசெய்வது டின்ட் ஸ்லைடரின் வேலை, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் நகர்த்துங்கள். டியூப் லைட், மலிவான எல்இடி விளக்குகளில் இது அடிக்கடி வரும்.

அப்புறம், மஞ்சளை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்! விளக்கடியில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் இளமஞ்சளாக இருந்தால்தான் அழகு. ஐ-டிராப்பர் தந்த எண்ணோடு இருநூறு முந்நூறு கூட்டிப் பாருங்கள். திரையையே மஞ்சளாக்கிக் காட்டும் நைட் மோட் ஓடினால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: என் படங்களுக்கு கெல்வினே காட்டுவதில்லை, மைனஸ் 100 முதல் 100 வரைதான் இருக்கிறது. ஏன்?

பதில்: அவை ஜேபெக் படங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை கேமராவே முடிவுசெய்து படத்தில் பதித்துவிட்டது, அதற்கு மேல் கொஞ்சம்தான் தள்ள முடியும். அடுத்த முறை ரா-வில் (கேமரா அப்படிப் பதித்துவிடாத மூலக்கோப்பாக) எடுங்கள்.