நாலு சீட் உள்ள சின்ன விமானத்தில் நாலு பேரை ஏற்ற ஏன் மறுக்கிறார்கள்?

உங்களையும் யாரோ கடைசி நேரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள் போல. கோபம் நியாயம்தான். ஆனால் நான் இறக்கிவிட்டவன்.

லைசன்ஸ் எடுத்த புதிதில், இரத்மலானையில் ஒரு செஸ்னா 172ஐ வாடகைக்கு எடுத்து மட்டக்களப்புக்குப் பறந்தேன். திரும்பும்போது மாமா, மாமி, மச்சான் மூவரும் கொழும்புக்கு வருவதாக ஏற்பாடு. சித்திரை மாதம், நடுப்பகல், 34 பாகை வெயில். வாவிப் பக்கமிருந்து பொட்டுக் காற்று இல்லை. மாமியின் காலடியில் பன்னிரண்டு எருமைத் தயிர்ச் சட்டிகள்.

கிளம்பும்போது அந்த விமானத்தின் மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானத்தையும் பெற்றோலையும் கழித்தால் எங்களுக்கு மிஞ்சியது 300. நான் 74, மச்சான் 82, மாமி 61. மாமா தன்னை 85 என்றார். பை நிறுக்கும் தராசு 96 என்றது. தயிரைச் சேர்க்காமலே 13 கிலோ கூட.

"13 கிலோவுக்கு விழுந்துவிடுமா?" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். விழாது, அநேகமாகக் கிளம்பியும் விடும். ஆனால் விமானக் கணக்கில் கடல் மட்டத்துக்கு 15 பாகைதான் நியமம். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 120 அடி உயரத்தில் நிற்பதாகக் கொள்ள வேண்டும். அன்று 19 பாகை கூட, அதாவது ஏறக்குறைய 2,280 அடி. சக்கரம் மட்டக்களப்பு மண்ணில் நின்றாலும் இன்ஜினுக்கும் இறக்கைக்கும் கிடைத்தது மலைநாட்டுப் பதுளை உயரத்து ஐதான காற்று. ஈரம் அதை இன்னும் லேசாக்கும். சீக்கிரம் எழும்ப உதவும் எதிர்க்காற்றும் கிடையாது. எடை பத்து வீதம் ஏறினால் ஓடுபாதையில் ஓடும் தூரம் இருபது வீதம் ஏறும் என்பது பைலட்டுகளின் கைக்கணக்கு. ஓடி எழும்பினாலும் ஏறுவது மந்தம், முன்னால் மலை. பெற்றோலைக் குறைத்திருக்கலாமே என்பவர்களுக்கு: மழை மறித்துச் சுற்றிப் போக நேர்ந்தால் நடுவானில் எந்தப் பெற்றோல் செட்டில் நிரப்புவது?

மச்சானுக்கு மறுநாள் நேர்முகப் பரீட்சை. மாமி சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டார். மாமா ஒன்றும் பேசாமல் இறங்கி பஸ்ஸுக்குப் போனார். அவர் இறங்கியதும் எடையில் இடம் வந்ததால் தயிர்ச் சட்டிகள் ஏறின. அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "என்னை விட்டுட்டுத் தயிரை ஏத்தினவன்" என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரிகிறார்.

அந்தத் தயிரும் எங்களுக்கு இல்லை. கொழும்பில் இருக்கும் சொந்தங்களுக்கு மட்டக்களப்பான் என்றால் தயிர் சுமக்கப் பிறந்தவன். "வரும்போது ரெண்டு சட்டி" என்று போன் வரும். சட்டிக் காசைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.