ஏழு இனிப்பில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: இந்த வருடம் கிறிஸ்துமஸ் இரவு விருந்து எங்கள் வீட்டில். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 16 பேர். மாமியார் செய்யும் கிறிஸ்துமஸ் புடிங் எப்படியும் இருக்கும். அதுபோக பாவ்லோவா, சீஸ்கேக், யூல் லாக் (மரக்கட்டை வடிவக் கேக்), டிரைஃபில் (கேக், பழம், கஸ்டர்ட், க்ரீம் அடுக்கிச் செய்வது), பழ ஜெல்லி, ஐஸ்கிரீம் என்று பட்டியல் ஏழாகிவிட்டது. என் ஆசை பாவ்லோவாவில்தான். மாமனாருக்குச் சர்க்கரை நோய். ஓரகத்தி முட்டையும் இறைச்சியும் தொடமாட்டார். நாத்தனார் மகனுக்குக் கொட்டைப் பருப்புகள் ஒவ்வாது. ஓவன் ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று, வேலை செய்ய நான் ஒருத்தி. எதை வைக்க, எதை விட?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: புடிங், டிரைஃபில், கொஞ்சம் பழம். அவ்வளவுதான். ஐஸ்கிரீமை நீங்கள் செய்யப்போவதில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நீங்கள் ருசியை வைத்துத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறீர்கள். விருந்தன்று மாலை உங்கள் ஓவனில் என்ன இருக்கும், உங்கள் கை எதில் இருக்கும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் ஓவன் இறைச்சிக்குச் சொந்தம். அதனால் இனிப்பு எதுவானாலும் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஓவன் கேட்காததாக இருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் போட்டால் பட்டியல் பாதியாகிவிடும்.

மாமியாரின் புடிங் இதில் எளிதாகத் தேறும். சில வாரங்களுக்கு முன்பே செய்துவைக்கும் பண்டம் அது. அன்று அடுப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆவியில் சூடாக்கினால் போதும். அதற்குப் போட்டியாக இன்னொரு கனமான இனிப்பை மேசையில் வைக்காதீர்கள். ருசிக்காகவும் சொல்கிறேன், வீட்டு அமைதிக்காகவும் சொல்கிறேன். சீஸ்கேக்கும் யூல் லாக்கும் அந்த ஒரு காரணத்தாலேயே விலகிவிடுகின்றன.

ஆனால் புடிங்கில் என்னென்ன சேர்கிறது என்று மாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பழைய முறையில் அதில் சூயட் என்ற மாட்டுக் கொழுப்பும், முட்டையும், பெரும்பாலும் பாதாமும் உண்டு. அப்படியென்றால் ஓரகத்திக்கும் அந்தப் பையனுக்கும் அது இல்லை. பரிமாறும்போது புடிங்மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்தினால் மது முழுக்க எரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எரியாது, நிறையவே உள்ளே தங்கிவிடும். பிள்ளைகளின் பங்கை முதலிலேயே எடுத்துவைத்துவிடுங்கள். புடிங்கிலேயே மது ஊறியிருந்தால் அவர்களுக்கும் டிரைஃபில்தான்.

இப்போது உங்கள் பாவ்லோவா. அதன் மெரிங் அடிப்பகுதியை (சர்க்கரை சேர்த்து நுரையாக அடித்த வெள்ளைக்கரு) இரண்டு நாள் முன்பே சுட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஃபிரிட்ஜில் வைக்க முடியாது, ஈரம் பட்டால் சர்க்கரை கசிந்து பிசுபிசுத்துவிடும். க்ரீமையும் பழத்தையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் வைக்க வேண்டும். 16 பேர் சாப்பிட்ட தட்டுகள் குவிந்துகிடக்கும் நேரத்தில் நின்று அலங்காரம் செய்ய உங்களால் முடியுமா? போதாததற்கு அது முழுக்க முழுக்க முட்டை வெள்ளைக்கரு. நாலு பேர் வரும் ஒரு நாளில் ஆசை தீரச் செய்யுங்கள்.

டிரைஃபில் இதற்கு நேர் எதிர். முந்தின நாள் அடுக்கிவைத்தால்தான் அதற்கு ருசியே. உங்கள் வீட்டுக்கு அது இன்னொரு வகையிலும் பொருந்தும்: கஸ்டர்ட் பவுடரில் முட்டை கிடையாது. 1837-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், தன் மனைவிக்கு முட்டை ஒவ்வாது என்பதால் சோளமாவை வைத்து உருவாக்கியது அது. உங்கள் ஓரகத்தி போன்றவர்களுக்காகவே பிறந்த பொருள்!

16 பேருக்கு, புடிங்கும் இருப்பதால், 1 லிட்டர் பாலில் கஸ்டர்ட், முக்கால் கிலோ பழம், 400 மி.லி. க்ரீம், அடியில் போட முட்டை சேராத ஸ்பான்ஜ் கேக் 300 கிராம் போதும். தயிரும் சமையல் சோடாவும் சேர்த்தால் முட்டை இல்லாமலே ஸ்பான்ஜ் நன்றாக உப்பிவரும். பாக்கெட்டில் சொல்லியிருப்பதைவிடக் கஸ்டர்டைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் கேக் கஞ்சியில் விழுந்ததுபோல் ஆகிவிடும். சூடு ஆறும்போது மேலே ஆடை கட்டாமலிருக்க, பிளாஸ்டிக் தாளை கஸ்டர்டின் மேலேயே ஒட்டினாற்போல் மூடுங்கள். கேக், பழம், கஸ்டர்ட் என்று 24-ஆம் தேதி இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். க்ரீம் மட்டும் மறுநாள்.

ஜெல்லி கேட்டவருக்காக அதையும் இதிலேயே ஓர் அடுக்காகச் சேர்த்துவிடலாம். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது என்பதால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் வாங்குங்கள். பச்சை அன்னாசி, கிவி இரண்டும் வேண்டாம். அவற்றிலுள்ள என்சைம் பால், க்ரீமோடு சேர்ந்தால் கசக்கும். ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி, டப்பாவில் வரும் பீச் எல்லாம் சரி.

மாமனார் விஷயத்தில் ஒன்று. 'சர்க்கரை சேர்க்காதது' என்று தனியாக ஒரு கேக் செய்து அவர் முன்னால் வைக்காதீர்கள். மாவும் உலர்ந்த பழமும் அதிலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்; எல்லோர் முன்னிலும் நோயாளியாக உட்கார வைத்த மாதிரியும் ஆகும். பேரிக்காயைப் பட்டை, கிராம்பு போட்ட தண்ணீரில் சர்க்கரையில்லாமல் மெதுவாக வேகவைத்து, இரண்டு நாள் முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முட்டை, பால், பருப்பு எதுவும் இல்லாததால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் பாதிப் பழமும், புடிங்கில் மருத்துவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு ஒரு சிறு துண்டும் அவருக்குப் போதும்.

பையனுக்கு டிரைஃபிலை ஒரு கண்ணாடித் தம்ளரில் தனியாகவே அடுக்கி, மூடிவையுங்கள். புடிங் பரிமாறிய கரண்டி டிரைஃபில் கிண்ணத்துக்குள் போனால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். கேக், பிஸ்கட், கஸ்டர்ட் பவுடர் எதுவானாலும் பாக்கெட்டில் பருப்பு பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஐஸ்கிரீம். யார் கேட்டாரோ அவரையே வாங்கிவரச் சொல்லுங்கள். பருப்பு எச்சரிக்கையை அவரும் படிக்கட்டும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்துவைக்கும் வேலையும் அவருடையதே.