தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு எப்படி இருக்கும்?

மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்கப்போகிறேன், அங்கே கணினி வகுப்பும் உண்டாம், பாதுகாப்புக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போனைப் பிடுங்கினால் வீட்டையே இரண்டாக்குகிற பிள்ளை என்று நினைக்கிறேன். சேலம் சிவதாபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர் நான். கணினி அறைச் சாவியும் என்னிடம்தான்.

பூட்டுப் போடுவது சுலபம். கூகுளில் சேஃப் சர்ச், யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட், ரூட்டரில் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் (தளத்தின் முகவரியைத் தேடித்தரும் சேவை; இந்த எண் ஆபாசத் தளங்களைத் தடுக்கும்). ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் திறக்காது, பைசா செலவில்லை. மேசைகளைச் சுவரோரம் போட்டு, திரை எல்லாம் என் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் விட உருப்படியாக வேலை செய்வது இதுதான்.

இதற்கு மேல் ஒரே ஒரு விதி. வேண்டாதது எது வந்தாலும் மானிட்டர் பட்டனை அமுக்கிவிட்டுக் கையைத் தூக்கணும். "ஏன் அதைப் பார்த்தே?" என்று நான் கேட்கமாட்டேன். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்று சக ஆசிரியர்களே சொன்னார்கள். சொல்லட்டும்.

இங்கே பல வீடுகளில் கொலுசுப் பட்டறைதான். அப்பா பற்றவைத்துக்கொண்டிருப்பார், அம்மா சலங்கை கோத்துக்கொண்டிருப்பார், பையன் கையில் அப்பாவின் போன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்தும் வெளியே போகாமல் நின்றான். "டீச்சர், கேம்ல ஒரு அண்ணா டைமண்ட் தர்றேன்னாங்க. போனுக்கு ஆறு நம்பர் வரும், அதைச் சொல்லுன்னாங்க. சொல்லிட்டேன்." கணினியே இல்லாத இடத்தில் பாதிக் கையைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னான்.

போனது அப்பாவின் வாட்ஸ்அப். வரச்சொன்னேன். கையில் வெள்ளித் தூளோடு வந்தவர், "நாலு சாத்து சாத்துனாத்தான் டீச்சர் அடங்குவான்" என்று பாய்ந்தார். அடித்தால் அடுத்த தடவை யாரிடமும் சொல்லமாட்டான் என்று உட்காரவைத்தேன். அப்பாவின் போன் எண்ணையே போட்டுத் திரும்ப வாட்ஸ்அப்பில் நுழைந்ததும் அந்த டைமண்ட் ஆள் வெளியே போய்விட்டான். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்கிற கூடுதல் ரகசிய எண்ணும் போட்டுக்கொடுத்தேன். நல்லவேளை, அதற்குள் அப்பாதான் கேட்கிறார் என்று நம்பி யாரும் பணம் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டிருக்கணும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தைப் பாதியிலாவது நிறுத்த முடியும்.

டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்க நாலு பேர் வருவீர்கள், தெரியும். வேறு யாரிடம் சொல்வான் அவன்?

அதனால் பள்ளிக்குப் போனால் எத்தனை கணினி என்று கேட்காதீர்கள். பிள்ளை ஏடாகூடமாக எதையாவது பார்த்துவிட்டால் யாரிடம் சொல்லும், சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், பிள்ளைகள் போட்டோவை எங்கே போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். முகம், பெயர், வகுப்பு, பள்ளி போர்டு எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்து, ஊரே பார்க்கிற பக்கத்தில் போடுகிற பள்ளிகள் இருக்கின்றன. எல்லாத் தனியார் பள்ளியையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கைப் படிவத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறதா, பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த விழா நடந்தாலும் படம் எடுத்து மேலே அனுப்பு என்று எங்களுக்கு உத்தரவு. போன் என்னுடையது, டேட்டா என்னுடையது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏறாது. ஏறவில்லை என்று விளக்கம் கேட்டு வருகிற மெசேஜ் மட்டும் டாண் என்று வந்துவிடும். சம்பளம் வாங்குகிறாயே என்று இதற்கும் ஒருவர் பின்னூட்டம் போடுவார், போடட்டும். நாளைக்கு மரம் நடு விழா. இன்றைக்கே டேட்டா தீர்ந்துவிட்டது.