சட்டவிரோதக் குடியேற்றத்தால் உள்ளூர்க்காரர் கூலி குறையுமா?

கேட்டிருப்பது, அனுமதியில்லாமல் ஒரு நாட்டில் குடியேறுபவர்களால் அங்குள்ள சமூகத்துக்குப் பொருளாதார பாதிப்பு உண்டா என்று. உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம். இந்தப் பேச்சு எடுத்தாலே இங்கே பலரும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்திருப்பவர்களைக் கை காட்டுவார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள், எங்கும் வேலை செய்யலாம். அந்தக் கணக்கு வேறு.

1964-ல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கியதுதான் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள். பதிவேட்டில் பெயர் இருந்ததால் அவர்களால் பி.எஃப்., போனஸ் கேட்க முடிந்தது, சங்கம் வைக்க முடிந்தது. கேட்டதெல்லாம் கிடைத்ததா என்பது தனிக்கதை.

காகிதம் இல்லாதவருக்கு அந்த வாய் கிடையாது. கூலியில் பிடித்துக்கொண்டாலும் புகார் கொடுக்கப் போக மாட்டார், போனால் முதலில் அவரைத்தான் நாடு கடத்துவார்கள். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். அப்புறம் பக்கத்தில் நிற்கிற உள்ளூர்க் கூலிக்காரர் மட்டும் எப்படிக் கூட்டிக் கேட்பார்? அடி விழுவது அதிகம் படிக்காத அவருக்குத்தான். லாபம் தோட்டக்காரருக்கும், கட்டட கான்டிராக்டருக்கும், மலிவாகக் காய்கறி வாங்குபவருக்கும்.

'வரி கட்டாமல் தின்கிறார்கள்' என்பது பாதிக்கு மேல் தப்பு. அமெரிக்காவில் இப்படி இருப்பவர்கள் 2022-ல் கட்டிய வரி சுமார் 9,670 கோடி டாலர் என்று அங்குள்ள வரி ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் அந்த ஓய்வூதியம் இவர்களில் பெரும்பாலோருக்கு வராது. வரியில் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போக, பிள்ளைகளின் பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாகாணத்தின் தலையிலும் ஊர் நிர்வாகத்தின் தலையிலும் விழுகிறது. உள்ளூரில் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது.

சரி, எல்லோரையும் அனுப்பிவிட்டால் கூலி ஏறுமா? மெக்சிகோவிலிருந்து பருவ வேலைக்கு ஆள் எடுத்த 'பிராசெரோ' திட்டத்தை அமெரிக்கா 1964 கடைசியில் நிறுத்தியது. அவர்கள் சட்டப்படி வந்தவர்கள், ஏறக்குறைய 5 லட்சம் பேர். அதனால் உள்ளூர்க் கூலி ஏறவில்லை என்கிறது பின்னாளில் வந்த ஆய்வு. கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரம் இறங்கியது. இயந்திரம் இல்லாத சில பயிர்களில் சாகுபடியையே குறைத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோவை, திருப்பூர் என்று இறங்கிப் போன பிறகு இங்கேயும் கொழுந்து வெட்டும் மெஷின் வந்துவிட்டது.

அதனால் என்னைக் கேட்டால், முதலில் சோதிக்க வேண்டியது முதலாளியின் சம்பளப் பதிவேட்டை. அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது அமெரிக்காவில் 1986 முதல் குற்றம். ஆனால் 'அட்டையைக் காட்டினார், நம்பி எடுத்தேன்' என்று சொல்லிவிட்டால் அந்தத் 'தெரிந்தே' என்பதை நிரூபிப்பது கஷ்டம். இந்த ஓட்டையை அடைப்பதில் அங்கே எந்தக் கட்சிக்கும் பெரிய அவசரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.