எல்லாவற்றையும் சேர்த்து – கடிதம்

ஐயா,

விபத்தில் என் தம்பிக்குக் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. ஸ்டெம் செல், மருந்து, மின்தூண்டல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்று படித்தேன். அப்படி ஒரு சிகிச்சை வரும்வரை பிசியோதெரபியை நிறுத்திவைக்கலாமா? அவன் சலித்துப்போய்விட்டான்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அசைய மறுக்கும் கையோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவனுக்குச் சலிப்பு வராமல் என்ன செய்யும்? அவன் சலித்துக்கொள்ளட்டும், அவனுக்கு உரிமை உண்டு. அதற்கு நீங்கள் ஏன் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறீர்கள்?

ஸ்டெம் செல்: நேர்மையான ஆய்வுகள் நடக்கின்றன. அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் பக்கம் போகாதீர்கள். அவ்வளவுதான்.

சேர்ப்பதைப் பற்றித்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அடிபட்ட இடத்தில் தழும்பு வழியை அடைக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறையின் புரதங்கள் புதிய இழைகளை வளரவிடுவதில்லை. முதிர்ந்த நரம்புக்கு வளரும் திறனும் குறைவு. ஆகவே ஒரு மருந்து போதாது, சரி. ஆனால் இரண்டு நல்லவை சேர்ந்தால் நல்லதுதான் நடக்கும் என்று யார் சொன்னது? 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தண்டுவடம் அடிபட்ட எலிகளுக்குத் தழும்பைத் தளர்த்தும் நொதியைக் கொடுத்தார்கள். முன்காலால் உணவை எட்டி எடுக்கப் பழகியவை அதில் தேறின. பொதுவாக ஓடியாடப் பழகியவை நடையில் தேறின, எட்டி எடுப்பதில் பின்தங்கின. 2014இல், பக்கவாதம் வந்த எலிகளுக்கு நரம்பை வளர்க்கும் மருந்தை முதலில் கொடுத்துப் பிறகு பயிற்சி தந்தபோது பெரும் மீட்சி. இரண்டையும் ஒரே நேரத்தில் தந்தபோது பலன் மோசம். மருந்து இழையை வளர்க்கும். அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைப் பயிற்சிதான் சொல்லித்தருகிறது. நீங்களோ அதைத்தான் முதலில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்! 2018இல் வெளியான ஓர் ஆய்வில், தண்டுவடத்துக்குத் தந்த மின்தூண்டலால் நடந்த மூவரும் மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள். மின்தூண்டலைப் பற்றிப் படித்தவர் அந்த வரியையும் படித்திருக்கலாம்.

என் நண்பன் ஒருவனுக்கும் கழுத்தில்தான் அடி. விரல்கள் அசையாது, மணிக்கட்டை மட்டும் தூக்குவான். தூக்கியதும் தசைநாண்கள் இறுகி விரல்கள் தாமாக மடங்கும். அப்படியே டம்ளரைப் பிடித்துக் குடிப்பான். அவன் சித்தப்பாவுக்கு அந்த மடங்கல் பொறுக்கவில்லை. மணிக்கட்டைப் பின்னால் வளைத்துப் பிடித்து, விரல்களை நேராக நீவிவிடுவார், தினமும், அத்தனை பாசத்தோடு. தசைநாண்கள் நீண்டு தொளதொளத்தன. டம்ளர் நழுவியது. பிசியோதெரபிஸ்ட் வந்து போட்ட சத்தம் தெருவரை கேட்டது. நீவுவது நல்லது, மணிக்கட்டு பயிற்சியும் நல்லது. ஆனால் மணிக்கட்டைக் கீழே மடக்கிவைத்துக்கொண்டுதான் விரலை நீட்டவேண்டும். இதைச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

நாளைக்கும் பிசியோதெரபிஸ்ட் வரட்டும், நிறுத்தாதீர்கள். உங்கள் தம்பிக்கு மணிக்கட்டு மேலே தூக்க வருகிறதா? உங்கள் கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை.