தோட்டத்தில் இருந்துகொண்டே இணையத்தில் வேலை செய்து சம்பாதிக்க முடியுமா?

முடியும், ஆனால் யூடியூப்பில் சொல்கிற அளவுக்கு லேசு இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபடி டிசைன் வேலை செய்து டொலர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் வேலை பிடித்துத் தரும் தளங்களான அப்வர்க், ஃபைவர் எல்லாம் நீங்கள் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று பார்ப்பதில்லை, செய்கிற வேலை நன்றாக இருந்தால் போதும்.

சிக்கல் காசு கைக்கு வருவதில்தான். இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபால் பல வருடமாக இலங்கையில் பணம் கட்டத்தான் உதவியது, வாங்க இல்லை, அதனால் இங்கே பலரும் அதே மாதிரியான பேயோனியர் என்ற சேவை வழியாக எடுத்து வங்கிக்கு மாற்றுகிறார்கள். பேயோனியரில் முகவரி அத்தாட்சி கேட்பார்கள், லயத்து வீட்டுக்கோ பெரும்பாலும் தனி இலக்கமும் இருக்காது, கடிதமே தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும், கரண்ட் பில்லும் உங்கள் பெயரில் இராது; ஆகவே கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் சிக்னல். மலை மறைத்தால் இல்லை, அவ்வளவுதான், அக்கம்பக்கத்தில் எந்த சிம் எடுக்கிறது என்று கேட்டுவிட்டு ரவுட்டர் வாங்குங்கள்.

வரியா? 2025 ஏப்ரலில் இருந்து இந்த வருமானத்துக்கும் அதிகபட்சம் 15% உண்டு, ஆனால் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை நிவாரணம் இருப்பதால் ஆரம்பத்தில் அது உங்களைத் தொடாது.